ஐந்தாம் ஆண்டில் ஏறும் எடை

எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவருக்கு முதல் ஆண்டு கொண்டாட்டமாகவே கழிகிறது. பழைய சட்டைகள் தொளதொளக்கின்றன, சர்க்கரை மாத்திரை குறைகிறது, குறட்டை அடங்குகிறது, இரண்டு மாடி ஏறினாலும் மூச்சு வாங்குவதில்லை. மருத்துவமனை விளம்பரங்களில் வரும் 'முன்னே, பின்னே' படங்கள் பெரும்பாலும் இந்தக் காலத்தில் எடுத்தவை. ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுக்குள் எடை அடிமட்டத்தைத் தொடுகிறது. பிறகு மெல்ல ஏறத் தொடங்குகிறது. மூன்றாம் ஆண்டில் இரண்டு கிலோ, நான்காம் ஆண்டில் இன்னும் மூன்று. பலர் மருத்துவமனைக்குப் போவதை நிறுத்திவிடுவதும் இந்தச் சமயத்தில்தான். "வயித்தையே வெட்டியாச்சு, இன்னும் வாயைக் கட்ட முடியலையா?" என்று வீட்டில் யாராவது கேட்டிருப்பார்கள். யாரும் கேட்காவிட்டாலும் அவரே தன்னைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

அந்தக் கேள்வியில் உள்ள குற்றச்சாட்டை என்னால் ஏற்க முடியவில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்ந்திருக்கும் ஆய்வுகளைப் படித்தால், அறுவைக்குப் பின் ஓரளவு எடை திரும்புவது இந்த நோயின் இயல்பு என்று தெரிகிறது. சமாளிக்க வழிகளும் இருக்கின்றன. அந்த வழிகளில் எதைத் தொடங்குவதானாலும், எடை ஏறியவர் கூச்சப்படாமல் மருத்துவரிடம் திரும்பி வந்தாக வேண்டும். ஏறிய கிலோக்கள் செய்யும் கெடுதியைவிட அந்தக் கூச்சம் செய்யும் கெடுதி பெரிது என்றே நினைக்கிறேன். தமிழ்நாட்டில் இது யாரோ சிலருடைய பிரச்சினையும் இல்லை. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே பெண்களில் 40.4 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் மிகை எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். அறுவையை நாடுவோர் எண்ணிக்கை இனி கூடத்தான் செய்யும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். சுவீடனில் 1987இல் தொடங்கிய எஸ்ஓஎஸ் (சுவீடிஷ் ஒபீஸ் சப்ஜெக்ட்ஸ்) ஆய்வு, இத்துறையில் மிக நீண்ட காலம் நடந்தவற்றில் ஒன்று. அறுவை செய்துகொண்ட 2,010 பேரையும் செய்துகொள்ளாத 2,037 பேரையும் அது பின்தொடர்ந்தது. இரைப்பை பைபாஸ் செய்தவர்கள் முதல் இரண்டு ஆண்டுகளில் உடல் எடையில் சராசரியாக 32 சதவீதம் இழந்தார்கள். பத்தாம் ஆண்டில் அந்த இழப்பு 25 சதவீதமாகச் சுருங்கியிருந்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பைபாஸ் செய்தவர்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் கவனித்து 2017இல் வெளியான ஆய்வில், இரண்டாம் ஆண்டில் சராசரியாக 45 கிலோ குறைந்திருந்தது. ஆறாம் ஆண்டில் அது 36 கிலோ, பன்னிரண்டாம் ஆண்டில் 35 கிலோ. குறைந்ததில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு திரும்பி வந்துவிட்டது, உண்மை. ஆனால் ஆறாம் ஆண்டுக்குப் பிறகு ஏற்றம் கிட்டத்தட்ட நின்றுவிட்டது என்பதும் அதே அளவு உண்மை. சுவீடன் ஆய்வில் அறுவை செய்துகொண்டோரிடையே இறப்பும் குறைவாகவே இருந்தது. "எப்படியும் திரும்ப ஏறிடும், எதுக்கு வெட்டிக்கணும்?" என்று சொல்பவர்கள் இந்தப் பாதியைப் பார்ப்பதில்லை.

இரைப்பையைக் குழாய்போல் ஒடுக்கும், இன்று உலகெங்கும் அதிகம் செய்யப்படும் ஸ்லீவ் அறுவையில் கதை சற்று மாறுகிறது. பின்லாந்தில் ஸ்லீவையும் பைபாஸையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வின் பத்தாண்டு முடிவு 2022இல் வந்தது. மிகை எடையில் (மொத்த உடல் எடையில் அல்ல, உயரத்துக்கு ஏற்ற எடைக்கு மேலுள்ளதில்) ஸ்லீவ் குழு 43.5 சதவீதமும் பைபாஸ் குழு 50.7 சதவீதமும் இழந்திருந்தன. ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதம் பேருக்கு உணவுக்குழாயில் அமிலப் புண் இருந்தது; பைபாஸ் குழுவில் 7 சதவீதம் பேருக்குத்தான். இந்தப் புண்ணோடு வரும் நெஞ்செரிச்சலுக்கும் எடைக்கும் தொடர்பு உண்டு. எரிச்சலைத் தணிக்க ஒரு பிஸ்கட், அரை டம்ளர் பால் என்று நாள் முழுக்க ஏதாவது உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

எவ்வளவு ஏறினால் 'எடை திரும்பிவிட்டது' என்று சொல்வது? இதில் மருத்துவ உலகமே இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. அடிமட்டத்திலிருந்து 10 கிலோ என்கிறார்கள் சிலர். பிஎம்ஐயில் 5 புள்ளி என்கிறார்கள் சிலர். இழந்ததில் நான்கில் ஒரு பங்கு என்கிறார்கள் வேறு சிலர். ஸ்லீவ் செய்துகொண்ட ஒரே குழுவை ஆறு வரையறைகளால் அளந்து பார்த்த ஓர் ஆய்வில், எடை திரும்பியவர்களின் விகிதம் 9 சதவீதத்திலிருந்து 91 சதவீதம் வரை மாறியது. 'எங்களிடம் தோல்வி மிகக் குறைவு' என்ற விளம்பரத்தை இதை மனத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். எனக்கு நேர்மையாகப் படும் அளவுகோல், இழந்த எடையில் எத்தனை சதவீதம் திரும்பியது என்பது. அமெரிக்காவின் பெரிய ஆய்வொன்றிலும், சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், வாழ்க்கைத் தரம் ஆகியவை மோசமாவதோடு நன்றாகப் பொருந்திவந்தது இந்த அளவுகோல்தான். 110 கிலோவில் இருந்தவர் 75க்கு வந்து இப்போது 82இல் நிற்கிறார் என்றால், இழந்த 35 கிலோவில் 7 திரும்பியிருக்கிறது, அதாவது 20 சதவீதம். கவனிக்க வேண்டிய அளவு. பதற வேண்டிய அளவில்லை. "ஏழு கிலோ ஏறிட்டேன்" என்று அழுபவருக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினாலே பாதி பாரம் இறங்கும்.

இனி ஏன் ஏறுகிறது என்பது. இரைப்பையை வெறும் பையாக நினைப்பதால்தான், அதைச் சின்னதாக்கினால் போதும் என்று தோன்றுகிறது. ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் முக்கால் பங்கை நீளவாக்கில் வெட்டி எடுக்கிறார்கள். நூறு, நூற்றைம்பது மில்லி கொள்ளும் ஒரு குழாய்தான் மிஞ்சுகிறது. 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்த கிரெலின் என்ற பசி ஹார்மோன் பெருமளவு சுரப்பது வெட்டி எடுத்த அந்தப் பகுதியில். பைபாஸில், உணவு சிறுகுடலின் தொடக்கப் பகுதியைத் தாண்டி வேகமாகக் கீழே போய்ச்சேர்வதால், ஜிஎல்பி-1, பிஒய்ஒய் போன்ற நிறைவு ஹார்மோன்கள் வழக்கத்தைவிட அதிகமாகச் சுரக்கின்றன. "சாப்பாட்டு நினைப்பே வரலை" என்று முதல் ஆண்டில் பலர் வியப்பது இதனால். அந்த அமைதியை அவர்களின் மன உறுதி கொண்டுவரவில்லை, ஹார்மோன்கள் கொண்டுவந்தன. அப்படியிருக்க, மூன்றாம் ஆண்டில் பசி திரும்பும்போது மட்டும் மன உறுதி போய்விட்டதாகச் சொல்வது என்ன நியாயம்?

எடை குறைந்த உடல், பழைய எடைக்குத் திரும்பவே பார்க்கிறது. 'தி பிக்கஸ்ட் லூசர்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் உணவையும் உடற்பயிற்சியையும் கொண்டே பெருமளவு இளைத்த 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துச் சோதித்தார்கள். எடை பெரும்பாலும் திரும்பிய பிறகும் அவர்களின் உடல் ஓய்வில் எரிக்கும் சக்தி, அந்த எடைக்கு எதிர்பார்ப்பதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே இருந்தது. அறுவை இந்தத் தற்காப்பைப் பெருமளவு தளர்த்துகிறது, முழுக்க ஒழிப்பதில்லை. போதாததற்கு, வேகமாக இளைக்கும் மாதங்களில் கொழுப்போடு தசையும் கரைகிறது. தசை குறைந்தால் உடல் எரிக்கும் சக்தியும் குறையும். நடைப்பயிற்சியோடு எடை தூக்கும் பயிற்சியும் வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இதற்காகத்தான். நம் ஊர்ப் பெண்களிடம் இந்த இரண்டாவது பாதி போய்ச்சேர்வதே இல்லை. தண்ணீர் நிரப்பிய இரண்டு ஒரு லிட்டர் பாட்டில்களை வைத்துக்கொண்டு வீட்டிலேயே தொடங்கலாம்.

இப்போது தட்டுக்கு வருவோம். சிக்கலின் மையம் இங்கே இருக்கிறது.

அறுவை செய்துகொண்டவர் மதியம் ஒரு துண்டுக் கோழிக்கறியை எடுத்துச் சாப்பிடுகிறார். சற்று வறண்ட துண்டு, அவசரத்தில் சரியாக மெல்லவில்லை. அது நெஞ்சுக்குழியில் போய் நிற்கிறது. வாயில் எச்சில் ஊறுகிறது, மார்பு இறுகுகிறது, சில நேரம் எழுந்து போய் வாந்தி எடுத்தால்தான் தீரும். மாலையில் அவரே ஒரு கரண்டி அல்வா சாப்பிடுகிறார். அது எந்தத் தடையுமின்றி வழுக்கிக்கொண்டு போகிறது. இப்படி நான்கு முறை நடந்தால் கறியைப் பார்த்தாலே பயம் வரும். ரசம் ஊற்றிக் குழைத்த சோறு, உப்புமா, டீயில் நனைத்த ரொட்டி, ஐஸ்கிரீம் என்று நாக்கு தானாகவே வேறு பக்கம் திரும்பும். சிறுத்த இரைப்பை நல்ல உணவைத் தடுத்து நிறுத்துகிறது, கெட்ட உணவுக்கு வழி விடுகிறது. இதை முன்கூட்டியே சொல்லிப் புரியவைக்காமல் உணவுப் பட்டியலை மட்டும் கையில் கொடுத்து அனுப்புவது போதாது. கறியைக் குழம்பில் நன்றாக வேகவைத்து, சிறு துண்டாக்கி, வாயில் கூழாகும்வரை மென்று, இருபது நிமிடம் எடுத்துச் சாப்பிடப் பழக வேண்டும். மீன் இன்னும் எளிது. முட்டையை வறட்டு ஆம்லெட்டாகப் போடாமல் குழம்பிலோ அவியலாகவோ எடுத்தால் பலருக்குச் சிக்கலில்லாமல் இறங்கும்.

அடுத்தது புரதக் கணக்கு. நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் என்பது பரவலான பரிந்துரை. சைவ வீட்டில் அறுவைக்குப் பின் ஒருவர் சாப்பிடக்கூடிய அளவில் கணக்குப் போட்டுப் பாருங்கள். காலையில் இரண்டு இட்லி, ஒரு கரண்டி சாம்பார்: ஆறேழு கிராம். மதியம் ஒரு கைப்பிடிச் சோறு, கொஞ்சம் சாம்பார், பொரியல், அரை டம்ளர் மோர்: எட்டு கிராம். இரவு ஒரு தோசை, சட்னி: நான்கைந்து கிராம். மொத்தம் இருபதைத் தொட்டால் அதிகம். வயிறு நிறைந்துவிட்டது, தேவையில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது. மூன்று மணி நேரத்தில் மறுபடி பசிக்கிறது. இட்லி, தோசை மோசமான உணவு என்று இதற்கு அர்த்தமில்லை. இடம் குறைந்த வயிற்றில் அவை முதல் வரிசையில் உட்காரக் கூடாது, அவ்வளவுதான். தோசைக்குப் பதில் பெசரட்டு, நூறு கிராம் பனீரில் சுமார் 18 கிராம் புரதம், மாலையில் அரைக் கோப்பைக் கொண்டைக்கடலைச் சுண்டல், கெட்டித் தயிர், சோயா உருண்டை என்று மாற்றினால் கணக்கு நேராகும். அதற்கும் மேல் குறைந்தால் புரதப் பொடி. தட்டில் முதலில் புரதம், அடுத்து காய், கடைசியாகச் சோறு என்ற வரிசை நம் பந்தி முறைக்கு நேர் எதிரானது. அதனால்தான் கல்யாண வீட்டில் எல்லாம் குலைந்துபோகிறது. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரை மணி நேரம் தள்ளிக் குடிக்கும்படியும் சொல்கிறார்கள். இதற்கான சான்று அவ்வளவு வலுவானதில்லை என்றாலும், ரசமும் மோரும் ஊற்றிக் கரைத்துக் குடிப்பதுபோல் உண்ணும் நம் பழக்கத்தைப் பார்க்கையில் கடைப்பிடிக்கத் தகுந்த யோசனைதான்.

மூன்றாவது, கொறித்தல். எடை திரும்பியவர்களில் பலர் "நான் ரெண்டு இட்லிக்கு மேல சாப்பிடறதே இல்லை" என்று சத்தியம் செய்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. காலை, மாலை சர்க்கரை போட்ட இரண்டு காபி 200 கலோரி, பதினோரு மணிக்கு நான்கு மேரி பிஸ்கட் 100, டிவி முன்னால் ஒரு கைப்பிடி மிக்சர் 150, ஒரு பஜ்ஜி 100, படுக்கும் முன் சர்க்கரை போட்ட பால் 120. சாப்பாட்டுக் கணக்கில் ஏறாமலே 650 கலோரி தாண்டிவிட்டது. ஒரே நேரத்தில் அதிகம் உண்ண முடியாத வயிறு, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உண்பதைத் தடுப்பதில்லை. அறுவைக்கு முன் கட்டுப்பாடிழந்து பெருமளவு உண்ணும் பழக்கம் இருந்தவர்களிடம், பின்னால் அது இந்த உருவத்தில் தலைகாட்டுகிறது. அளவு சிறிது, ஆனால் நிறுத்த முடியவில்லை என்ற உணர்வு பழையதே. அதற்கு உணவுப் பட்டியல் மருந்தாகாது. உளவியல் ஆலோசகர் வேண்டும். நம் வீடுகளில் இன்னொரு கோணமும் உண்டு. மற்றவர்களுக்காக எண்ணெயில் பொரித்துக்கொண்டு அடுப்படியில் நிற்பவர், குழந்தை மிச்சம் வைத்த தட்டை வீணாக்க மனம் வராமல் வழித்துத் தின்பவர் பெரும்பாலும் அறுவை செய்துகொண்ட அந்தப் பெண்ணேதான். "எங்களுக்கு மட்டும் பஜ்ஜி போடு, நீ சாப்பிடாதே" என்று சொல்லும் குடும்பம் அவருக்கு உதவவில்லை. வீட்டுச் சமையல் மொத்தமாக மாறாத இடத்தில் ஒருவர் மட்டும் மாறுவது மிகக் கடினம்.

பலரும் அறியாத ஒரு சுழல் உண்டு. காலை பத்து மணிக்கு வெண்பொங்கலும் சர்க்கரை போட்ட காபியும் உள்ளே போகின்றன. மாவுச்சத்து வேகமாகக் குடலை அடைந்து இரத்தச் சர்க்கரை சட்டென்று ஏறுகிறது. உடல் இன்சுலினை அள்ளிக் கொட்டுகிறது. ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் சர்க்கரை சரிந்து கை நடுங்குகிறது, வியர்க்கிறது, தலை கிறுகிறுக்கிறது. பயந்துபோய் ஒரு சாக்லெட் சாப்பிடுகிறார். நடுக்கம் நிற்கிறது, மதியத்துக்குள் மறுபடி வருகிறது. தாமத டம்பிங் என்று சொல்லப்படும் இது பைபாஸ் செய்தவர்களிடம் அதிகம், ஸ்லீவிலும் உண்டு. இனிப்பு கொடுத்துச் சமாளித்துக்கொண்டே போனால் எடை ஏறாமல் என்ன செய்யும்? காலை உணவில் மாவுச்சத்தைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டினாலே பலருக்கு இது அடங்கிவிடுகிறது. அடங்காவிட்டால் மருந்து உண்டு. "பசி மயக்கம்" என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய அறிகுறி.

மதுவைப் பற்றியும் ஒளிவுமறைவின்றிப் பேச வேண்டும். அறுவைக்குப் பின் மது வேகமாக இரத்தத்தில் ஏறுகிறது. பழைய அளவில் பாதியிலேயே போதை வருகிறது. அமெரிக்க ஆய்வொன்றில், மதுப்பழக்கக் கோளாறு உள்ளவர்களின் பங்கு அறுவைக்கு முந்தைய ஆண்டில் 7.6 சதவீதமாக இருந்தது, இரண்டாம் ஆண்டில் 9.6 சதவீதமானது. சாப்பாட்டில் கிடைத்த ஆறுதலை இழந்த மனம் வேறொன்றைத் தேடுகிறது. தெருவுக்குத் தெரு மதுக்கடை இருக்கும் ஊரில், அறுவைக்கு முந்தைய ஆலோசனையில் ஆண்களிடம் இதை வெளிப்படையாகக் கேட்டாக வேண்டும்.

எல்லாவற்றையும் தட்டின் மேல் போட்டுவிடவும் கூடாது. இன்சுலின், ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், வலிப்பு மருந்துகள் எடையைக் கூட்டும். தைராய்டு குறைவு, மாதவிடாய் நிற்கும் பருவம், பிள்ளைப்பேறு, இரவுப் பணி ஆகியவையும் காரணமாகலாம். அரிதாக, பைபாஸில் பிரித்து வைத்த இரைப்பையின் இரு பகுதிகளும் உள்ளே மீண்டும் இணைந்துவிடும். இரைப்பையைச் சிறுகுடலோடு சேர்க்கும் இணைப்பு வாய் அகன்றுவிடுவதும் உண்டு. எண்டோஸ்கோபி செய்து பார்த்தால்தான் தெரியும். எடை ஏறியவரைப் பரிசோதிக்காமலே "கட்டுப்பாடு போதாது" என்று தீர்ப்புச் சொல்லும் மருத்துவர் தன் வேலையைச் செய்யவில்லை.

எடை ஏறிக்கொண்டிருக்கும் அதே உடலில் சத்துக்குறைவும் இருக்கலாம் என்பது பலருக்கு நம்ப முடியாத செய்தி. இரும்பு, பி12, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளை எடை ஏறியதும் சலித்துப்போய் நிறுத்திவிடுகிறார்கள். முடி கொட்டுகிறது, களைப்பு வருகிறது, நடக்கப் பிடிக்கவில்லை, எடை மேலும் ஏறுகிறது. இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்கக் கூடாது, இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். காபி, டீயோடு இரும்பு மாத்திரையை எடுத்தால் சரியாக உடலில் சேராது. விடாத வாந்தி இருந்தால் பி1 குறைந்து மூளையைப் பாதிக்கும் ஆபத்து உண்டு; உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சரி, ஏறிவிட்டது, என்ன செய்வது? 'வயிற்றை மறுபடி சுருக்கும் ஐந்து நாள் திரவ உணவு' என்று ஒன்று பரவிக் கிடக்கிறது. விரிந்த இரைப்பை அதனால் சுருங்கும் என்பதற்குச் சான்றில்லை. இறங்குவது பெரும்பாலும் நீர்தான். உருப்படியான முதல் படி, டயட்டீஷியனோடு உட்கார்ந்து ஒரு வாரம் சாப்பிட்ட ஒவ்வொன்றையும், அந்த நான்கு மேரி பிஸ்கட் உட்பட, எழுதிப் பார்ப்பது.

இரண்டாவது வழி மருந்து. கடந்த சில ஆண்டுகளில் பெரிய மாற்றம் இங்கேதான் நடந்திருக்கிறது. அறுவைக்குப் பின் போதிய அளவு இளைக்காத 70 பேரிடம் லண்டனில் லிராகுளுடைட் ஊசியைச் சோதித்து 2023இல் முடிவு வெளியிட்டார்கள். 24 வாரங்களில் ஊசி போட்டவர்கள் சராசரியாக 8.8 சதவீத எடை இழந்தார்கள். வெற்று ஊசி போட்டவர்கள் அரை சதவீதம். அறுவை தானாகவே கூட்டிவிடும் ஜிஎல்பி-1இன் வேலையைத்தான் இந்த ஊசியும் செய்கிறது என்பதால் இரண்டும் ஒன்றையொன்று தாங்கிப்பிடிக்கின்றன. இவ்வகைப் புதிய மருந்துகளான டிர்செபடைடும் எடைக்குறைப்புக்கான செமாகுளுடைடும் 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டன. "ஆபரேஷனும் பண்ணிட்டு ஊசியும் போடறதா?" என்று தயங்குபவர்களிடம், இரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரை போடுபவரை யாராவது கேலி செய்கிறார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. ஒரு எச்சரிக்கை மட்டும்: ஊசியை நிறுத்தினால் எடை திரும்பும். செமாகுளுடைடை நிறுத்தியவர்கள் ஓராண்டுக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றதாக ஓர் ஆய்வு சொல்கிறது. மாதச் செலவை ஆண்டுக்கணக்கில் தாங்க முடியுமா என்று பார்த்துத் தொடங்குவது நல்லது.

மறு அறுவையைக் கடைசியில்தான் வைப்பேன். ஸ்லீவை பைபாஸாக மாற்றுவது கடும் நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு நல்ல தீர்வு. எடைக்காக மட்டும் செய்தால் பலன் முதல் அறுவையளவு இருக்காது, சிக்கல் அபாயம் கூடுதல். பைபாஸின் அகன்ற இணைப்பு வாயை எண்டோஸ்கோபி வழியே தைத்துச் சுருக்கும் முறையும் உண்டு. குறிப்பிட்ட சிலருக்கு அது பயன்படுகிறது.

இவை எல்லாம் நடக்க, ஆண்டுக்கு ஒரு முறையாவது நோயாளி வந்து போக வேண்டும், வாழ்நாள் முழுவதும். அதற்கு மருத்துவமனையும் இடம் கொடுக்க வேண்டும். அறுவைக்கு ஒரே தொகையாகப் பணம் வாங்கும் இடங்கள் பல, ஐந்தாம் ஆண்டுப் பரிசோதனையைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் குடும்பத்தினர் மூன்று கேள்விகள் கேட்கலாம். ஐந்து ஆண்டுக்கு முன் இங்கே செய்துகொண்டவர்களில் எத்தனை பேர் இன்னும் பரிசோதனைக்கு வருகிறார்கள்? இழந்ததில் சராசரியாக எவ்வளவு அவர்களுக்குத் திரும்பியிருக்கிறது? இரண்டாம் ஆண்டுக்குப் பிறகு டயட்டீஷியனையும் உளவியல் ஆலோசகரையும் பார்க்க என்ன செலவாகும்? இவற்றுக்கு எண்ணோடு பதில் தர முடியாத இடத்தில் தேதி குறித்துக்கொள்ள அவசரப்பட வேண்டாம்.